வாடிக்கையாளர் வராத கடை

கடை என்னும் கட்டடத்துக்கு முகமே பிரதானம். கோயிலுக்கு ஒரு கர்ப்பக்கிருகம் உண்டு. வீட்டுக்கு ஓர் அடுக்களையும் ஒரு முற்றமும் உண்டு. அவற்றின் பொருள் உள்ளே போகப் போகத்தான் விளங்கும். கடையோ தெருவைப் பார்த்த பக்கத்திலேயே தன் சாமர்த்தியத்தை எல்லாம் செலவழித்துவிட்டு, உள்ளே வந்தவனிடம் விலையைச் சொல்வதற்கு மட்டுமே மீதி வைத்துக்கொள்ளும் இயல்புடையது. வழிப்போக்கனின் கண்ணைப் பிடித்து இழுப்பதற்காகவே கதவு அகலமாகிறது, கண்ணாடி உயர்கிறது, பெயர்ப்பலகை பெரிதாகிறது. அப்படியிருக்க, தன்னிடம் பொருள் வாங்குபவர்களில் பெரும்பாலோர் தன் வாசற்படியை ஒருநாளும் மிதிக்கப் போவதில்லை என்பதை நன்கு அறிந்த ஒரு வியாபாரி, பல மாடிகள் கொண்ட செங்கல் மாளிகை ஒன்றை எழுப்பி, அதன் நெற்றியில் தொலைவிலிருந்தே வாசிக்கத்தக்க எழுத்துக்களால் பெயரையும் பொறித்தான் என்றால், அந்த முகம் யாருக்காக என்ற கேள்வி எழத்தானே செய்யும்? வேல்ஸ் தேசத்தின் நடுப்பகுதியில், செவர்ன் நதியின் கரையில் உள்ள நியூடவுன் என்ற சிற்றூரில், ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் 'ராயல் வெல்ஷ் வேர்ஹவுஸ்' அப்படிப்பட்ட கட்டடம். 1879-ல் எழுந்தது, கட்டியவர் பிரைஸ் ஜோன்ஸ்.

அந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், மாளிகையின் வாசலிலேயே நின்றுவிடுவதற்கில்லை. நதியைத் தாண்டி அக்கரைக்குப் போய், பெயர்ப்பலகையோ அலங்காரமோ இல்லாத வேறொரு கட்டடத்தைப் பார்த்தாக வேண்டும். இரண்டும் பிளானல் துணியால் உண்டானவை. ஒன்று நெய்த இடம், மற்றது விற்ற இடம். ஒரே ஊரில், ஒரு நதிக்கு இரு கரைகளிலும், ஏறக்குறைய நாற்பது ஆண்டு இடைவெளியில் தோன்றிய இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அன்றி, மாளிகையின் ஜன்னல்கள் ஏன் அத்தனை என்பது விளங்காது என்று நான் எண்ணுகிறேன்.

பிளானல் என்பது ஆட்டு மயிரால் நெய்து, நீரில் நனைத்து இடித்துக் கெட்டிப்படுத்திய மிருதுவான கம்பளித் துணி. மழையும் மூடுபனியும் ஓயாத அந்த மலைநாட்டில் அது உடம்போடு ஒட்டிய உடையாக இருந்தது. சுரங்கத் தொழிலாளியின் சட்டையும் நோயாளியின் போர்வையும் அதுவே. மாண்ட்காமரி ஜில்லாவின் மேட்டுநிலங்களில் ஆடுகளுக்குக் குறைவில்லை. சக்கரம் சுழற்ற ஓடைகளுக்கும் குறைவில்லை. குறைந்தது ஒன்றுதான்: விற்கும் உரிமை. பல தலைமுறைகளாக வேல்ஸ் நாட்டுத் துணியின் வியாபாரம், எல்லைக்கு அப்பால் இங்கிலாந்தில் உள்ள ஷ்ரூஸ்பரி நகரத்து ஜவுளி வணிகர் சங்கத்தின் கைக்குள் இருந்தது. 1596-ல் அவ்வூர்ச் சதுக்கத்தில் எழுந்த கல் மண்டபம் இன்றும் நிற்கிறது. கீழ்த்தளம் தூண்களும் வளைவுகளுமாகத் திறந்து கிடக்கும், அது தானியத்துக்கு. மேல்தளம் நாற்புறமும் சுவர் அடைத்த கூடம். வேல்ஸிலிருந்து பொதி சுமந்து வந்த துணியை வணிகர்கள் அங்கேதான் விலை பேசினார்கள். விவசாயி கொண்டுவந்த கோதுமையை ஊரார் எல்லாரும் காணலாம், நெசவாளி கொண்டுவந்த துணியைச் சங்கத்தார் மட்டுமே காணலாம் என்ற ஏற்பாட்டை அந்த மண்டபத்தின் அமைப்பே ஒளிவு மறைவின்றித் தெரிவிக்கிறது.

அதனோடு ஒப்பிட, செவர்ன் நதி பிறக்கும் மலைகளின் அடிவாரத்தில், நியூடவுனுக்கு மேற்கே, லானிட்லோஸ் என்ற ஊரின் நாற்சந்தியில் உள்ள பழைய சந்தை மண்டபத்தைச் சொல்லலாம். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. தடித்த கருவாலி மரச் சட்டங்களால் ஆனது. சட்டங்களுக்கு நடுவே வெள்ளைச் சாந்து. மேலே ஓர் அறை, கீழே வெறும் மரத் தூண்கள். வேல்ஸ் முழுவதிலும், மரச்சட்டத்தால் கட்டித் தன் பூர்வ ஸ்தானத்திலேயே இன்றளவும் நிலைத்திருக்கும் சந்தை மண்டபம் இது ஒன்றுதான். கீழே சுவர் இல்லை, கதவு இல்லை, ஆகையால் முகமும் இல்லை. மழைக்கு ஒதுங்கியவனும் ஆட்டு மயிர் விற்க வந்தவனும் ஒரே கூரையின் கீழ் நின்றார்கள். கடையின் ஆதி ரூபம் இவ்வளவுதான் போலும்: தலைக்கு மேல் ஒரு மறைப்பு, நான்கு பக்கமும் கண்.

ஷ்ரூஸ்பரியின் ஆதிக்கம் தளர்ந்த பிறகு பிளானல் சந்தை வெல்ஷ்பூல் என்ற ஊருக்கு வந்தது. 1832-ல் நியூடவுனில் அதற்கென்றே ஒரு மாளிகை கட்டினார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே கால்வாய் அவ்வூர்வரை எட்டியிருந்தது. 1827-ல் நதிக்குக் குறுக்கே தாமஸ் பென்சன் கட்டிய கல் பாலமும் வந்துவிட்டது. வேல்ஸ் நாட்டின் லீட்ஸ் என்று அவ்வூரைப் புகழும் வழக்கமும் அக்காலத்தில் உண்டாயிற்று. யார்க்ஷயரின் அந்தப் பெருநகரத்தோடு இந்தச் சிற்றூரை நிகர் வைத்தது சற்று மிகையே என்றாலும், புகழ்ந்தவர்களின் உற்சாகம் புரிந்துகொள்ளத்தக்கது. பாலத்துக்கு அக்கரையில், பெனிகிளாத்வா என்ற பேட்டையில், வரிசை வரிசையாக நெசவாளர் குடியிருப்புகள் எழுந்தன. அவற்றுள் ஒன்று கமர்ஷியல் தெருவில் 1830-களில் கட்டப்பட்டது; இன்று நெசவுத் தொழிலின் காட்சிசாலையாக இருக்கிறது. நான் சொன்ன அக்கரைக் கட்டடம் இதுவே.

நான்கு தளங்கள். கீழ் இரண்டு தளங்களிலுமாக ஆறு வீடுகள். மூன்று தெருவைப் பார்த்தவை, மூன்று பின்புறத்தைப் பார்த்தவை. முன்வீட்டின் பின்சுவரே பின்வீட்டின் பின்சுவர். முதுகோடு முதுகு ஒட்டிய இவ்வகை வீடுகளுக்கு ஒரு பக்கம்தான் வாயில், ஒரு பக்கம்தான் ஜன்னல். ஆகவே காற்று உள்ளே வரலாமே தவிர, ஊடே கடந்து போக முடியாது. கீழே ஓர் அறையும் மேலே ஓர் அறையுமாக, பெரிய குடும்பங்கள் அவற்றில் வாழ்ந்தன. ஆனால் அவற்றுக்கு மேலே, மூன்றாவது நான்காவது தளங்களில், குறுக்குச் சுவர் என்பதே கிடையாது. கட்டடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரையில், கீழே ஆறு குடும்பங்களைப் பிரித்த சுவர்களை எல்லாம் மறந்துவிட்டதைப் போல, ஒரே நீண்ட கூடம். அதன் மேல் இன்னொரு நீண்ட கூடம். இருபுறமும் நெருக்கமாக ஜன்னல்கள். கைத்தறிகள் அங்கே நின்றன.

கட்டியவனுடைய கணக்கு இதில் துலாம்பரமாகத் தெரிகிறது. வெளிச்சம் எங்கே வேண்டும் என்று அவன் யோசித்திருக்கிறான். மனிதர் உண்டு உறங்கிப் பிள்ளை பெறும் இடத்துக்கு அது அவ்வளவாக வேண்டியதில்லை என்று தீர்மானித்து, பாவும் ஊடையும் பின்னும் இடத்துக்கு அதை ஒதுக்கி, அந்த இடத்தைத் தெருவின் நிழலுக்கும் எதிர் வீட்டுச் சுவருக்கும் மேலே ஆகாயத்துக்குச் சமீபமாகத் தூக்கி வைத்திருக்கிறான். அறுந்த இழையை முடிச்சிட வேண்டியவனுக்குக் கண் தெரிய வேண்டும். இழை அறுந்ததைக் கவனியாமல் பத்து அங்குலம் நெய்துவிட்டால் கூலியில் பிடித்தம். மெழுகுவர்த்திக்கோ காசு வேண்டும். வருஷத்தில் பாதி நாள் மேகம் கவிந்து, குளிர்காலத்தில் பிற்பகலிலேயே இருட்டிவிடும் அந்நாட்டில், ஜன்னலை விட மலிவான விளக்கு ஏது? அதுவும் கண்ணாடிக்குத் தீர்வை 1845 வரையிலும், வீட்டு ஜன்னலுக்கு வரி 1851 வரையிலும் இருந்த தேசம் அது. ஜன்னல் வரி ஏழைகளின் சிறு வீடுகளைத் தொடவில்லை என்பது உண்மையே. ஆனால் வெளிச்சத்தை எண்ணிக் கணக்கெழுதும் பழக்கம் ஒரு சமூகத்துக்கு ஏற்பட்டுவிட்டால், வரி இல்லாத இடத்திலும் அந்தச் சிக்கனம் தொடரும்.

இவ்வகைக் கட்டடத்தை நாம் ஆலை என்று சொல்வது ஒருவகையில் உபசார வழக்கு. ஆட்டு மயிரைச் சீவுவதும் நூற்பதும் ஓடைக்கரையில் நீர்ச்சக்கரத்தால் நடந்தன. நெய்த துணியை இடித்துக் கெட்டிப்படுத்துவதும் அவ்வாறே. அதன் பிறகு மலைச்சரிவில் சட்டங்களை நாட்டி, நனைந்த துணியைக் கொக்கிகளில் மாட்டி விறைப்பாக இழுத்து உலர்த்தினார்கள். ஆகவே ஆலை என்பது அங்கே ஒரு கட்டடமாக இல்லை. ஓடையும் மாடியும் மலைச்சரிவும் சேர்ந்தே ஆலை. அவற்றுள் மாடி ஒன்றுதான் முழுவதும் மனிதனுடைய கைகால் பலத்தால் நடந்த அங்கம். தறியும் இடமும் பெரும்பாலும் முதலாளியுடையவை. அவற்றுக்கு வாடகை கொடுத்துவிட்டு எஞ்சியதுதான் நெசவாளியின் கூலி. பின்னாளில், 1856-ல், நீராவியால் ஓடும் பெரிய கேம்பிரியன் ஆலை அவ்வூரில் வந்தபோது தொழில் முழுவதும் ஒரே கூரையின் கீழ் திரண்டது. அது ஒரு முறைக்கு மேல் தீப்பிடித்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடியோடு எரிந்துபோய், மீண்டும் எழவில்லை. கைத்தறி மாடி நிற்கிறது. நீராவி ஆலை இல்லை.

அந்த மாடியைப் பார்த்து, 'ஆகா, ஆகாயத்தின் கீழ் அமைதியான கைத்தொழில்!' என்று பெருமூச்சு விடுகிற ரசிகர்கள் உண்டு. அவர்களோடு சேர எனக்கு மனமில்லை. நீண்ட கூடத்தில் வரிசையாகப் பல தறிகள் ஒருங்கே அடித்தால் உண்டாகும் இரைச்சலில், பக்கத்துத் தறிக்காரன் பேசுவதும் காதில் விழாது. பலகைத் தளத்தின் வழியே அந்த அதிர்ச்சி கீழ் வீட்டுத் தொட்டில்வரை இறங்கியிருக்கும். இதைவிடக் கொடியது மாதக் கடைசியில் காத்திருந்தது. பிளானல் முதலாளிகளில் பலர் தாமே மளிகைக்கடையும் வைத்திருந்தார்கள். கூலிக்குப் பதிலாக அந்தக் கடைச் சரக்கு, அவர்கள் வைத்த விலையில். 1831-ல் பார்லிமெண்ட் சட்டம் போட்டுக் கூலியை நாணயமாகவே கொடுக்க வேண்டும் என்று விதித்தும், அந்த வழக்கம் உடனே ஒழிந்துவிடவில்லை. நெய்கிற மாடிக்கும் வாங்குகிற கடைக்கும் சொந்தக்காரன் ஒருவனே என்றால், கடைக்கு முகம் எதற்கு? வேறு போக்கிடமில்லாத வாடிக்கையாளனை யாரும் கண்ணாடி வைத்து அழைக்க வேண்டியதில்லை. 1839 ஏப்ரல் கடைசியில் லானிட்லோஸ் நெசவாளர்கள், லண்டனிலிருந்து தங்களைப் பிடிக்க வந்த போலீஸ்காரர்கள் தங்கியிருந்த விடுதியை உடைத்து உள்ளே புகுந்து, கைதான தோழர்களை மீட்டு, சில நாட்கள் ஊரையே தங்கள் வசம் வைத்திருந்தார்கள். வாக்குரிமைக்கான கிளர்ச்சி என்று சரித்திரம் அதற்குப் பெயரிடுகிறது. வயிறும் அதில் சேர்ந்திருந்தது.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லாமல் மேலே போக முடியாது. ராபர்ட் ஓவன் 1771-ல் பிறந்தது இதே நியூடவுனில்தான். தகப்பனார் குதிரைச் சேணம் செய்பவர். இரும்புச் சாமான் விற்பவர். ஊர்த் தபால் காரியத்தையும் அவரே பார்த்தார். மகன் பத்து வயதிலேயே ஊரை விட்டுப் போய், ஸ்டாம்ஃபோர்டில் ஒரு ஜவுளிக்கடையில் தொழில் பழகி, பிறகு ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் பஞ்சாலையின் அதிபராகி, தொழிலாளரும் மனிதரே என்று செல்வந்தர்களுக்குப் போதித்து, அவர்களுடைய நட்பையும் தன் செல்வத்தையும் இழந்து, 1858-ல் பிறந்த ஊருக்கே திரும்பி வந்து கண்மூடினார். அவர் விதைத்த எண்ணம் முளைத்ததோ ராச்டேலில். நியூடவுனுடைய பிளானல் தொழிலைத் தன் இயந்திரங்களால் நசுக்கிக்கொண்டிருந்த அதே லங்காஷயர் பட்டணத்தில், 1844 டிசம்பர் 21-ம் தேதி, நெசவாளரும் பிற தொழிலாளருமாகிய சிலர், டோட் லேன் என்ற சந்தில் ஒரு பழைய கிடங்கின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து, மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் ஓட்ஸும் மெழுகுவர்த்தியும் வைத்துக் கடை திறந்தார்கள். முதலாளியின் கடைக்கு மாற்றாக வாங்குபவர்களே சொந்தக்காரர்களாக இருந்த கடை அது. அறுபது ஆண்டு கழித்து, 1904-ல், அதே நெறியைப் பின்பற்றித் திருவல்லிக்கேணியில் தொடங்கியதுதான் நம்முடைய டி.யு.சி.எஸ். என்னும் கூட்டுறவுச் சங்கம். சென்னையில் பங்கு எழுதிக் கொடுத்து அரிசியும் பருப்பும் வாங்கிய குமாஸ்தாவின் வம்சாவளியை இப்படிச் செவர்ன் நதிக்கரைவரை இழுத்துச் செல்ல முடியும் என்பது சற்று விசித்திரம்தான். டோட் லேன் கடையும் இன்று காட்சிசாலையாக நிற்கிறது. கடைக்கு முகப்பு எதுவும் தேவைப்படாத இன்னொரு சந்தர்ப்பம் இது. தனக்குத் தானே விற்பவன் யாரை அழைப்பான்?

ஓவன் இறந்த ஆண்டில் நியூடவுன் கடைத்தெருவில் ஜவுளி விற்றுக்கொண்டிருந்த இளைஞர்களில் ஒருவர் பிரைஸ் ஜோன்ஸ். 1834-ல் பிறந்தவர், பன்னிரண்டு வயதில் ஜவுளிக்கடை ஒன்றில் தொழில் பழகச் சேர்ந்து, இருபத்திரண்டு வயதுக்குள் அந்தக் கடையையே தம்முடையதாக்கிக் கொண்டவர். ஓவனுக்கும் இவருக்கும் ஊரும் தொழிலும் பொது, மற்றெல்லாம் வேறு. உலகத்தைத் திருத்தும் ஆசை இவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. தபால்காரன் வாரத்துக்கு எத்தனை தடவை வருகிறான், ரயில் எந்த நேரத்துக்குப் புறப்படுகிறது என்பவற்றில்தான் இவருடைய கவனம். 1840 முதல் ஒரு பென்னிக்குக் கடிதம் தேசத்தின் எந்த மூலைக்கும் போயிற்று. 1859-ல் நியூடவுனுக்கு ரயில் வந்தது. 1861-ல் அந்தத் தண்டவாளம் இங்கிலாந்தின் பெரிய பாதைகளோடு இணைந்தது. அதே 1861-ல் பிரைஸ் ஜோன்ஸ் துணி மாதிரித் துண்டுகளையும் விலை விவரத்தையும் உறையில் இட்டு, தொலைதூரத்துப் பிரபுக்களின் மாளிகைகளுக்கும் பாதிரிமார்களின் வீடுகளுக்கும் அனுப்பத் தொடங்கினார். வேண்டியதை எழுதிக் கேட்டால், சரக்கு ரயிலில் வரும். வி.பி.பி. பார்சலை அவிழ்க்கும் சந்தோஷத்தை அறிந்த நம்மவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் தோன்றாது. ஆனால் இதை ஒரு முறையான வியாபாரமாக உலகில் முதன்முதலாக நடத்திக் காட்டியவர்களில் அவருக்கே முதலிடம் கொடுப்பது வழக்கம். விக்டோரியா மகாராணியும் பிளாரன்ஸ் நைட்டிங்கேலும் அவருடைய வாடிக்கையாளர்கள். 1880-ஐ ஒட்டி வாடிக்கையாளர் தொகை ஒரு லட்சத்துக்கு மேல் என்பார்கள். 1887-ல் மகாராணி அவருக்கு 'சர்' பட்டம் அளித்தார்.

இனி மாளிகைக்கு வரலாம். செந்நிறச் செங்கல், அடுக்கடுக்காக மாடிகள், ஒவ்வொரு மாடியிலும் இடைவெளி சிறுத்த ஜன்னல் வரிசை. ஊரின் மற்ற வீடுகளின் அளவைச் சற்றும் மதியாமல் அவற்றின் கூரைகளுக்கு மேலே தலைநீட்டி நிற்கிறது. பின்னாளில் விரிவடைந்து எதிர்ப்புறத்திலும் கட்டடங்கள் சேர்ந்துகொண்டன. விக்டோரியா காலத்துக் கட்டடக்காரர்களுக்கு அடக்கம் என்ற குணத்தில் நம்பிக்கை கிடையாது. அரண்மனைக்கு ஒரு சாயல், ஆலைக்கு ஒரு சாயல், மாதாகோயிலுக்கு ஒரு சாயல் என்று தனித்தனியே ஒதுக்கி வைக்கும் பொறுமையும் அவர்களுக்கு இல்லை. கிடங்குக்கு அரண்மனையின் உடையை உடுத்திவிடுவார்கள். இது அழகா என்று கேட்டால், தனியே எடுத்துப் பார்த்தால் சுமாரான அழகுதான் என்பேன். மான்செஸ்டரில் இதைவிடத் தேர்ந்த கிடங்குகள் தெருத்தெருவாக உண்டு. ஆனால் அது நிற்கிற இடத்தில் ஒரு புத்தி இருக்கிறது.

ஊரின் கடைத்தெருவில் அது இல்லை. ஜனங்கள் மாலையில் உலாவுகிற பாதையில் இல்லை. ரயில் நிலையத்தைப் பார்த்து நிற்கிறது. அதன் தெரு, தண்டவாளம். ஷ்ரூஸ்பரியிலிருந்து கடற்கரைக்குப் போகிற வண்டி நியூடவுனில் நிற்கும்போது, பெட்டியின் ஜன்னலோரத்தில் இருக்கும் சீமாட்டி தலையைத் திருப்பினால் அவள் கண்ணில் படுகிற பெயர், தன் வீட்டு மேஜையில் வந்து கிடக்கும் உறையின் மேல் உள்ள அதே பெயர். தான் காசு அனுப்பியது ஏதோ ஓர் ஓட்டைக் குடிசைக்கு அல்ல என்று அவள் மனம் நிம்மதி அடையும். அந்த வழியாக ஒருநாளும் வராதவளுக்கும் இந்த முகம் பயன்பட்டது: பொருள்பட்டியலிலும் விளம்பரங்களிலும் மாளிகையின் சித்திரம் அச்சாகி, முகம்தான் வாடிக்கையாளரைத் தேடிப் புறப்பட்டுப் போயிற்று. செங்கல்லும் சாந்துமாக நின்றதற்குக் காகிதத்தில் ஒரு நகல் இருந்தது என்பதைவிட, காகிதத்தில் போக வேண்டிய சித்திரத்துக்கு ஜாமீனாகச் செங்கல் நின்றது என்பதே பொருந்தும்.

முகத்தின் சங்கதி இது. ஜன்னல்களின் சங்கதி வேறு. அதுதான் என்னை அக்கரை மாடிக்குத் திரும்பத் திரும்பக் கொண்டுபோய் விடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைக்காரர்கள் பெரிய கண்ணாடித் தகடுகளை வார்க்கும் வித்தை மலிந்தவுடனே, தரையோடு ஒட்டி ஆளுயரக் கண்ணாடி வைத்து, வெளியே நிற்பவன் உள்ளே பார்க்கும்படி செய்தார்கள். லண்டனிலும் லிவர்பூலிலும் கடை வீதிகள் அதனால்தான் மாறின. பிரைஸ் ஜோன்ஸின் மாடி ஜன்னல்களின் வழியே வெளியாள் எதைப் பார்க்க முடியும்? மூன்றாம் மாடியில் பொதி கட்டுகிறவனின் முதுகைக்கூடப் பார்க்க முடியாது. அவை உள்ளே இருப்பவன் பார்ப்பதற்காக ஏற்பட்டவை. துணியின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் அன்றி வேறெதிலும் நம்பிக்கையாகச் சொல்ல முடியாது. வாயு விளக்கின் மஞ்சளில் நீலம் பச்சையாகும், பழுப்பு சிவக்கும். தொலைவில் உள்ளவள், அனுப்பிய மாதிரித் துண்டைக் குறிப்பிட்டு, 'இதே நிறத்தில் பன்னிரண்டு கஜம்' என்று எழுதியிருக்கிறாள். தடவிப் பார்க்கவோ, கடை வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் விரித்துப் பார்க்கவோ அவளுக்கு வழியில்லை. அவளுக்குப் பதிலாக அந்தப் பார்வையை ஒரு குமாஸ்தா பார்த்தாக வேண்டும். நெசவு மாடியில் இழையைத் தேடிய கண்ணும், கிடங்கு மாடியில் நிறத்தைப் பொருத்திய கண்ணும் ஒரே வகையான வெளிச்சத்தைக் கேட்டன. கடையின் ஜன்னலை விட்டுவிட்டு ஆலையின் ஜன்னலை எடுத்துக்கொண்டது இந்தக் கடை.

இந்த உறவை அந்த ஊர் நெசவாளர்கள் கொண்டாடியிருக்க மாட்டார்கள். மாளிகை உயர்ந்த பத்தாண்டுகளில் அவர்களுடைய தறிகள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன. வேல்ஸ் பிளானல் என்ற பெயருக்கு மதிப்பு கூடிக்கொண்டே போயிற்று. அதை நெய்து பிழைப்பவர்களின் தொகை குறைந்துகொண்டே வந்தது. ராச்டேல் துணி அதே போல் இருந்தது, விலையும் சரசம். மாளிகையின் அலமாரிகளில் அடுக்கிய சரக்கெல்லாம் பாலத்துக்கு அக்கரையில் நெய்தது என்று சீமாட்டி நினைத்துக்கொண்டிருந்தால், அந்த நினைப்பைக் கலைக்க முகப்பில் உள்ள எழுத்துக்கள் எதுவும் செய்யவில்லை. அதற்காக அந்த வியாபாரியைப் பொய்யர் என்று சொல்லிவிட நான் துணியேன். ஊரின் ஆண்களும் பெண்களும் நூற்றுக்கணக்கில் அங்கே வேலை பெற்றார்கள், தறி நின்ற வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனால் ஊரின் பெயரை விற்பதும் ஊரின் உழைப்பை விற்பதும் வேறு வேறு தொழில்கள். முன்னதற்கு மாளிகை வேண்டியிருந்தது, பின்னதற்குத் தறி மாடியே போதுமானதாக இருந்தது.

அவர் விற்ற பண்டங்களுள் ஒன்றை மட்டும் குறிப்பிட்டுவிட வேண்டும், அது அத்தனை ரசமானது. 'யூக்லிசியா ரக்' என்ற பெயரில் 1876-ல் அவர் உரிமைப் பதிவு செய்த கம்பளிப் போர்வை: ஒரு கோடியில் காற்றடைக்கும் ரப்பர் தலையணை, போர்வையை மடித்து மாட்டிக்கொண்டால் படுக்கையும் போர்வையும் ஒன்றாகி மனிதனை உள்ளடக்கிக்கொள்ளும். தற்காலத்து மலையேறிகள் முதுகில் சுமக்கும் படுக்கைப் பைக்கு இது மூதாதை. ருஷ்ய ராணுவம் 1877-ல் துருக்கியோடு போர் புரிந்தபோது இதில் 60,000 கேட்டது. பிளெவ்னா கோட்டை முற்றுகையின்போது பல அங்கே போய்ச் சேர்ந்தன. கோட்டை விழுந்ததும் மீதி வேண்டாம் என்று ருஷ்யர்கள் நிறுத்திவிட, கைவசம் தங்கிய சரக்கை அவர் பொருள்பட்டியலில் சேர்த்து ஆஸ்திரேலியாவின் வெட்டவெளிகளில் ஆடு மேய்ப்பவர்கள் வரையில் விற்றுத் தீர்த்தார். இது நடந்து இரண்டாண்டுக்குள் மாளிகை எழுந்தது. பல்கேரியப் பனியில் படுத்த சிப்பாய்க்கும் நியூடவுன் செங்கல்லுக்கும் கணக்குப் புத்தகத்தில் எவ்வளவு தொடர்பு என்று நான் அளந்து சொல்ல முயலவில்லை. ஆனால் வாடிக்கையாளனைக் கண்ணால் காணாமலே வியாபாரம் செய்வதன் எல்லை எவ்வளவு விஸ்தாரமானது என்பதை அந்தச் சிப்பாயைவிட நன்றாக யாரும் எடுத்துக்காட்ட மாட்டார்கள்.

1883-ல் பிரிட்டிஷ் தபால் இலாகா பார்சல் சேவையைத் தொடங்கியதும், பிரைஸ் ஜோன்ஸின் வியாபாரம் இன்னும் பெருகியது. கூடவே அவருக்கு மட்டும் இருந்த சாதகமும் கரைந்தது. ரயிலடியில் மாளிகை கட்டாதவனும் இனிப் பார்சல் அனுப்பலாம். பெரிய நகரங்களின் பெருங்கடைகள் அதே வழியில் இறங்கின. அவர் 1920-ல் இறந்தார்; 1938-ல் லிவர்பூலின் லூயிஸ் கம்பெனியார் ஸ்தாபனத்தை வாங்கினார்கள். அதன் பிறகும் கட்டடம் வெவ்வேறு கைகளில், வெவ்வேறு வியாபாரங்களுக்காகப் பயன்பட்டு வந்திருக்கிறது. தளங்களைப் பிரித்துச் சிறு கடைகளுக்கும் காரியாலயங்களுக்கும் விட்டார்கள். வாடிக்கையாளர் வராமலே செழித்த இடத்துக்கு, வாடிக்கையாளர் நேரில் வந்தால்தான் பிழைப்பு என்ற நிலை வந்துசேர்ந்தது. தெருவை நோக்கி அகன்ற கண்ணாடி வைக்காமல் கட்டியவனை அந்தச் சிறு கடைக்காரர்கள் எவ்வளவு சபித்திருப்பார்களோ!

அக்கரையிலோ நெசவு மாடி 1967-ல் காட்சிசாலையாயிற்று. கீழ்த்தளத்து வீடுகளில் ஒன்றில் அக்காலத்து அடுப்பும் கட்டிலும் வைத்திருக்கிறார்கள், மாடியில் தறிகள். இந்த இரண்டு கட்டடங்களையும் ஒரே பிற்பகலில் பார்க்க வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: முதலில் நெசவு மாடிக்கு ஏறுங்கள், அதுவும் மேகம் கவிந்த நாளாக இருந்தால் உத்தமம். பிறகு பாலத்தைத் தாண்டி ரயிலடிக்குப் போய் மாளிகையைப் பாருங்கள்; நெற்றியில் உள்ள பெயரை விட்டுவிட்டு மேல் மாடி ஜன்னல்களை எண்ணத் தொடங்குங்கள்.